விட நினைக்கும் தம்பிக்கும், வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும்



"புகை பிடிக்காதே, புற்றுநோய் வரும்" என்று எழுதிய தாள் இதற்கு முன் எத்தனையோ உங்கள் கைக்கு வந்திருக்கும். படித்திருப்பீர்கள்; அதிலேயே வடையை மடித்தும் தின்றிருப்பீர்கள். அதில் தவறில்லை. புகையினால் கேடு என்பது இன்று யாருக்குத் தெரியாது? சினிமாக் கொட்டகையில் படம் தொடங்குமுன் அதைத்தான் காட்டுகிறார்கள். சிகரெட் பாக்கெட்டின் இரண்டு பக்கத்திலும் 100க்கு 85 பங்கு இடத்தில் அதைத்தான் அச்சிடுகிறார்கள். ஆகையால் இந்தப் பாடம் அதைப் பற்றியது அல்ல.

விட்டுவிட வேண்டும் என்று மனதுக்குள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, விட முடியாமல் தவிக்கிறானே ஒரு வாலிபன், அவனுக்காக எழுதியது இது. அப்படிப்பட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. 2016-17இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில், புகை பிடிப்போரில் 100க்கு 55 பேர் விடும் எண்ணத்தோடு இருந்தார்கள். முந்திய 12 மாதத்தில் 38 பேர் முயன்றும் பார்த்திருந்தார்கள். எண்ணமும் இருக்கிறது, முயற்சியும் இருக்கிறது. பிறகு எங்கே இடறுகிறது?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். தாய் பீடி சுற்றுகிறாள். தகப்பனார் விவசாயக் கூலி. மூத்த மகனுக்கு வயது 19; மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. பெயர் எதற்கு? மூத்தவன் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும்.

மூத்தவன் புகை பிடிக்கத் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. நாளைக்கு ஐந்து, சில நாள் ஆறு. வீட்டுக்குத் தெரியாது என்பது அவன் நினைப்பு. சாயங்காலம் வாயில் இஞ்சி மிட்டாயைப் போட்டுக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைவான். தாய்க்கோ சட்டையைத் துவைக்கும்போதே தெரிந்துவிட்டது. கேட்டால் அப்பாவுக்குத் தெரியும், தெரிந்தால் அடி விழும் என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். தகப்பனாருக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து தான் ஒரு கட்டுப் பீடி பிடித்துக்கொண்டு மகனை எப்படிக் கேட்பது?

ஆக மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் பேசுவதில்லை.

இந்த மூத்தவன் போன மாதம் ஒருநாள் விட்டுவிடுவது என்று தீர்மானித்தான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பட்டறை மாடிக்கு ஒரு டயரைத் தூக்கிக்கொண்டு ஏறினான், மூச்சு வாங்கியது. பத்தொன்பது வயதில் மூச்சு வாங்குவதா என்று பயந்து போனான். யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் ஓடிவிட்டது. இரண்டாம் நாள் தலைவலி, யார் பேசினாலும் எரிச்சல். இராத்திரி தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் காலையில் தோசை ஆறிப் போயிருந்தது என்று தட்டைத் தள்ளிவிட்டான்.

"ஏய்யா, ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? ஆறுன தோசைக்கா இந்தக் கோவம்?" என்றாள் தாய்.

"சம்பாதிக்கிற திமிரு" என்றார் தகப்பனார் திண்ணையிலிருந்து.

மூத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். நேரே பெட்டிக்கடை. அங்கே கயிற்றில் எப்போதும் நெருப்பு கனிந்துகொண்டிருக்கும்.

இதில் யார் மேல் குற்றம்? தாய்க்குத் தெரியாது, அன்றைக்கு அவன் கோபம் தோசை மேல் இல்லை என்று. சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். அவன் எப்படிச் சொல்வான்? புகை பிடிப்பதே ரகசியம் என்றால், அதை விடுவதும் ரகசியமாகத்தானே இருக்க வேண்டும்! வாலிபர்கள் விட முடியாமல் போவதற்குக் காரணங்கள் பல உண்டு. நாங்கள் பார்த்த மட்டில் இந்த மறைப்புதான் முதல் காரணம். மறைத்துப் பிடிக்கிறவன் மறைத்தே விட வேண்டியிருக்கிறது. மறைவில் ஒரு கை உதவி கிடைக்காது.

அந்த மூன்று நாளில் உடம்பில் நடந்தது என்ன?

புகையிலையில் நிகோடின் என்ற ஒரு வஸ்து இருக்கிறது. புகையை உள்ளே இழுத்தால் பத்து விநாடி அளவில் அது மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஊசி போட்டால்கூட இவ்வளவு சீக்கிரம் போகாது. மூளையில் ஒரு சுகத்தைக் கிளப்பிவிட்டு, இரண்டொரு மணி நேரத்தில் பாதி வடிந்துவிடும். வடிந்ததும் மூளை மறுபடி கேட்கிறது. அந்தக் கேள்விதான் எரிச்சல், படபடப்பு, எதிலும் கருத்து ஊன்றாமை.

"டென்ஷனா இருக்கு, ஒரு தம் போட்டா நரம்பு சாந்தமாகுது" என்று பையன்கள் சொல்கிறார்கள். பொய் இல்லை, சாந்தமாகத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் படபடப்பில் பெரும்பங்கு முன்பு பிடித்த சிகரெட் கொண்டுவந்தது. கடன் கொடுத்தவனிடமே மறுபடி வாங்கி அவனுக்கே வட்டி கட்டுகிற கதை.

இன்னொன்று. "நான் என்ன பாக்கெட் பாக்கெட்டாவா ஊதுறேன்? அஞ்சுதானே, நெனச்சா விட்டுருவேன்" என்பது 19 வயதின் பேச்சு. மனித மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. வளரும் மூளை நிகோடினுக்குச் சீக்கிரம் அடிமைப்படும். தினமும் பிடிக்கத் தொடங்கும் முன்பே அடிமைத்தனத்தின் அடையாளம் சில பிள்ளைகளிடம் தெரிந்துவிடுகிறது. ஆகையால் எத்தனை பிடிக்கிறாய் என்பதை மட்டும் எண்ணாதே, தம்பி. காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று பார். அரைமணிக்குள் என்றால் பிடி பலமாகவே இருக்கிறது. உதவி இல்லாமல் விடுவது கஷ்டம் என்று அதற்கு அர்த்தம்; நீ கோழை என்று அர்த்தம் அல்ல.

நிறுத்திய பிறகு வரும் தொந்தரவுகள் இவை: எரிச்சல், தலைவலி, தூக்கக் கேடு, பசி, மலச்சிக்கல், சிலருக்கு இருமல் முன்னைவிடக் கூடுவது. இருமலைக் கண்டு பயப்பட வேண்டாம். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய ரோமங்கள் புகையினால் செயலற்றுக் கிடந்தன. அவை மறுபடி வேலை தொடங்குகின்றன. இந்தத் தொந்தரவு எல்லாம் முதல் மூன்று நாளில் உச்சம். ஒரு வாரத்தில் தணியத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். மூத்தவன் தோற்றது மூன்றாம் நாள். மிகக் கஷ்டமான நாளில் தோற்றுப்போய், "என்னால முடியாது" என்று தன்னைப் பற்றியே தீர்ப்பு எழுதிவிட்டான். இன்னும் நான்கு நாள் யாராவது கூட இருந்திருந்தால்?

டீக்கடைப் பதினோரு மணி

வீட்டை விட்டு வெளியே வருவோம். பட்டறையில் காலை 11 மணிக்கு டீ. அண்ணாச்சி, மேஸ்திரி, பையன்கள் மூன்று பேர் எல்லாரும் எதிர்க்கடைக்குப் போவார்கள். கிளாஸ் ஒரு கையில், சிகரெட் ஒரு கையில். அந்தப் பத்து நிமிஷம்தான் அன்றைக்கு முதலாளியும் தொழிலாளியும் சமமாக நிற்கும் நேரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேஸ்திரி முதல் சிகரெட்டை நீட்டியபோது, "நீயும் எங்களில் ஒருத்தன்" என்றுதான் மூத்தவனுக்குக் காதில் விழுந்தது. இப்போது "வேண்டாம்" என்றால் அந்தக் கூட்டத்தை வேண்டாம் என்று சொல்வது போல ஆகிவிடுமோ என்று பயம்.

இது சின்ன விஷயம் இல்லை. வாலிபனுக்கு நுரையீரல் இருபது வருஷம் கழித்து வரும் சங்கதி, சேக்காளிகள் இன்றைக்கு. பெரியவர்கள் இதைக் கேலி செய்தால் அவன் காது மூடிக்கொள்ளும்.

என்ன செய்யலாம்? டீக்கு முழுக்குப் போட வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் இடத்தையோ நேரத்தையோ மாற்று. மற்றவர்கள் போய் வந்தபின் போ. இல்லை, பட்டறைக்கே ஒரு கிளாஸ் வாங்கி வரச் சொல். டீக்குப் பதில் மோரோ இளநீரோ எலுமிச்சைச் சாறோ குடித்தால் இன்னும் நல்லது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. புகை பிடிக்கிறவன் உடம்பில் டீ, காப்பியின் வேகம் சீக்கிரம் கரைந்துவிடும். புகையை நிறுத்தினால் அதே நாலு டீ உடம்பில் வெகுநேரம் நிற்கும். படபடப்பு, தூக்கமின்மை என்று சிகரெட் மேல் போடும் பழியில் ஒரு பங்கு டீயைச் சேர்ந்தது. நிறுத்திய முதல் வாரத்தில் டீயைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். மதியத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகை பிடிப்பதற்கு நாடு முழுவதும் கடுமையான விதிகள் வந்தன; 200 ரூபாய் வரை அபராதம். டீக்கடையும் அதில் அடங்கும். விதி இருந்தும் டீக்கடையில் புகை மண்டிக் கிடப்பதை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அபராதம் கேட்டு வாதாட ஒரு பையனால் முடியாது. ஆனால் பட்டறை முதலாளியால், "கடைக்குள்ளே வேண்டாம்பா" என்று சொல்ல முடியும். இளம் பையன்களை வேலைக்கு வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களே, உங்களைத்தான் சொல்கிறோம். நீங்கள் விட வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. பையன்களிடம் நீட்டாதீர்கள். "விட்டுட்டேன்" என்று ஒருவன் சொன்னால், "எத்தனை நாளைக்குப் பாப்போம்" என்று சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்பு ஒன்றே போதும், அவன் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவான்.

இன்னொரு இடைஞ்சல் பெட்டிக்கடையில் இருக்கிறது. பாக்கெட்டாக வாங்கினால் பணம் கூட. வாலிபர்கள் ஒன்று, இரண்டு என்று சில்லறையாகத்தான் வாங்குகிறார்கள். பாக்கெட் மேல் உள்ள படம் அவன் கண்ணில் படுவதே இல்லை. 2018 செப்டம்பர் முதல் பாக்கெட்டின் மேல் புகையை விட உதவும் டெலிபோன் எண்ணையும் அச்சிடுகிறார்கள். யாருக்கு அது மிகவும் வேண்டுமோ, அந்தப் பையன் கையில் ஒற்றைச் சிகரெட் மட்டும் வருகிறது, எண் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது! ஆகையால் இங்கே எழுதுகிறோம். கத்தரித்துப் பர்சில் வைத்துக்கொள்ளுங்கள்:

1800-11-2356

இதற்குக் காசு கிடையாது. தமிழிலும் பேசலாம். பெயர் ஊர் வீட்டுக்குப் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் புகையிலைப் பழக்கத்தை விட ஆலோசனை உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

"சிகரெட்ட விட்டுட்டேன், இப்போ பீடிதான்"

இப்படிச் சிலர் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். பீடியில் தூள் குறைவு என்பது வாஸ்தவம். ஆனால் இலை சுற்றிய பீடி சீக்கிரம் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டும். நிகோடினோ, தாரோ, கரியமில நச்சுப் புகையோ அதனால் குறைவதில்லை. உதட்டுக்குள் அடக்கும் தூளுக்கு மாறுவதும் விட்டதாக ஆகாது. வாய்ப் புற்றுக்கு அது நேர்வழி. பேட்டரியில் ஓடும் மின்சிகரெட் 2019 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. ஃபில்டர் இருந்தால் கெடுதல் இல்லை என்பதும் வெறும் நம்பிக்கைதான்.

சாராயக் கடை வாசலில் தீர்மானம் நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மாதக் கணக்கில் புகையைத் தொடாதவன் ஒரு கல்யாணத்துக்கு முந்தின இரவு குடித்துவிட்டு மறுபடி தொடங்கிய கதை எல்லா ஊரிலும் உண்டு.

தம்பி, எப்படி விடுவது?

நாளைக் குறி. இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள். ஊரில் கொடை, கல்யாணம், பரீட்சை இருக்கும் வாரம் வேண்டாம். குறித்த நாளுக்கு முன்பே சட்டைப் பை, வண்டிப் பெட்டி, பட்டறை இழுப்பறை எல்லாவற்றிலும் இருப்பதைத் தூர எறி. "ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும், அவசரத்துக்கு" என்று வைத்தாயானால் அந்த அவசரம் அன்றைக்கே வந்துவிடும்.

பிறகு ஒருத்தரிடமாவது சொல். இதுதான் முக்கியம். ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டாம், ஒருத்தர் போதும். அம்மாவோ, அக்காவோ, மாமாவோ, புகை பிடிக்காத சேக்காளியோ. "நான் விடப் போறேன். ஒரு வாரம் சிடுசிடுன்னு இருப்பேன், பொறுத்துக்கோ" என்று இரண்டே வாக்கியம். இதைச் சொல்ல வாய் வராது என்பது எங்களுக்குத் தெரியும். பிடிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டால்தான் விடுகிறேன் என்று சொல்ல முடியும். வாய் வராவிட்டால் இந்தத் தாளை அம்மா கண்ணில் படுகிற இடத்தில் வை. எழுத்துக்கூட்டியாவது படிப்பார்கள்.

ஆசை எழும்பும் வேகம் ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம்தான். அலை மாதிரி ஏறும், இறங்கும். பிடித்தாலும் இறங்கும், பிடிக்காவிட்டாலும் இறங்கும். அந்த ஐந்து நிமிஷத்தை ஓட்டுவதற்குக் கைக்கும் வாய்க்கும் வேலை கொடு. பச்சைத் தண்ணீரை மெதுவாக ஒவ்வொரு வாயாகக் குடி. சீரகம், கிராம்பு, நெல்லிக்காய், வறுத்த கடலை எதையாவது மெல்லு. எழுந்து தெருக்கோடி வரை நடந்து வா. யாரிடமாவது பேசு. எல்லாருக்கும் எல்லாம் பலிக்காது. உனக்குப் பலிப்பது எது என்று மூன்றாம் நாளுக்குள் தெரிந்துவிடும்.

பிடி பலமாக உள்ளவர்களுக்கு மருந்தும் உண்டு. நிகோடின் சூயிங் கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதைச் சாதாரண மிட்டாய் போல மென்று தள்ளக் கூடாது. காரம் மாதிரி சுரீர் என்று வந்ததும் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி இரண்டு மெல்லு. அரைமணி வரை இப்படி. அதற்குக் கால்மணி முன்னும், வாயில் இருக்கும்போதும் டீ, காப்பி, பழச்சாறு கூடாது, மருந்து ஏறாது. "கம் போட்டுப் பாத்தேன், ஒண்ணும் கேக்கல" என்பவர்களில் பலர் செய்யும் தப்பு இதுதான். 18 வயது ஆகாதவர்களும், இருதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சின்ன வயசுப் பிள்ளைகளுக்கு மருந்தை விட, கூட உட்கார்ந்து பேசுவதுதான் முதல் சிகிச்சை.

காசைச் சொல்லாமல் விடலாமா? நாளைக்கு 5 என்றால் வருஷத்துக்கு 1825. ஒன்றின் விலை உனக்குத்தான் எங்களை விட நன்றாகத் தெரியும். பெருக்கிப் பார்.

தாய்மார்களுக்கு

பீடித் தட்டை மடியில் வைத்திருக்கும் தாய் கேட்கிறாள்: "நாளெல்லாம் இதையே சுத்துதேன். நான் எந்த மொகத்தோட அவன்கிட்ட வேண்டாம்னு சொல்ல?"

அம்மா, உங்கள் கை செய்வது பிழைப்பு. அந்தப் பிழைப்பால்தான் அவன் படித்தான், சாப்பிட்டான். அதற்காக நீங்கள் வாயடைத்துப்போக வேண்டியதில்லை. சொல்லலாம். ஆனால் எப்படிச் சொல்வது என்பதில்தான் காரியம் இருக்கிறது. "ஒங்கப்பன் மாதிரியே நாசமாப் போ" என்பது சொல்வது ஆகாது. "சட்டையில வாடை அடிக்குதுய்யா. எனக்குத் தெரியும். அடிக்க மாட்டேன், அப்பாகிட்ட சொல்ல மாட்டேன். விடணும்னு நெனப்பு இருக்கா?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அன்றைக்கே பதில் வராது. கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஒரு வாரம் கழித்துக் கிணற்றடியில், சாப்பாட்டு நேரத்தில் தானாக வரும்.

அவன் விட்ட முதல் வாரத்தில் சிடுசிடுத்தால் அது உடம்பின் கோபம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடனைப் பற்றியும் தங்கை கல்யாணத்தைப் பற்றியும் அந்த வாரம் பேச வேண்டாமே. பசி கூடும், காய்கறி, பழம், கொய்யா, வெள்ளரி வீட்டில் இருக்கட்டும். தூளையும் சுற்றிய பீடியையும் சமையல் இடத்தில் வைக்காமல், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

தகப்பன்மார்களுக்கு

உங்களிடம்தான் பேசக் கஷ்டமாக இருக்கிறது. பேசிவிடுகிறோம்.

"ஏல, கடையில போயி ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா" என்று எட்டு வயதில் பையனை அனுப்பினீர்கள் அல்லவா? 2019இல் நாடு முழுவதும் 13 முதல் 15 வயது வரை உள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் விசாரித்தபோது, பீடி பிடித்துப் பார்த்திருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பத்து வயது நிறையும் முன்பே தொடங்கியதாகச் சொன்னார்கள். கடைக்குப் போய் வரும் வழியில் ஒன்றை உருவிப் பார்ப்பது எந்தக் குழந்தைக்கும் தோன்றும். 18 வயது ஆகாதவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, அவர்களைக் கொண்டும் விற்கக் கூடாது என்று 2003ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜ தூரத்துக்குள் விற்கவும் கூடாது. குழந்தை கையில் புகையிலையைக் கொடுப்பவருக்கு 7 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2015ஆம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டத்திலேயே இருக்கிறது.

அடித்தால் விடுவான் என்று நினைக்கிறீர்கள். அடித்தால் இன்னும் நன்றாக மறைப்பான், அவ்வளவுதான்.

உங்களுக்கும் ஒன்று சொல்கிறோம். "எனக்கு அம்பது ஆச்சு, இனிமே விட்டு என்ன ஆவப் போவுது?" என்கிறீர்கள். இங்கிலாந்தில் ரிச்சர்டு டால் என்ற மருத்துவர், 1951 முதல் ஐம்பது வருஷம், டாக்டர்களையே கூட்டமாகக் கவனித்துக் கணக்குப் பார்த்தார். விடாமல் பிடித்தவர்கள் மற்றவர்களை விடச் சராசரி பத்து வருஷம் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் 3 வருஷம் திரும்பக் கிடைத்தது, 50இல் விட்டவர்களுக்கு 6, 40இல் 9, 30இல் விட்டவர்களுக்கு ஏறக்குறையப் பத்தும் கிடைத்தது. ஐம்பதில் ஆறு வருஷம் என்றால் பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடலாம். நிறுத்திய ஒரே நாளில் இரத்தத்தில் உள்ள நச்சுவாயு இறங்கிவிடுகிறது. ஒரு வருஷத்தில், புகையினால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து பாதியாகிவிடுகிறது. மகனும் தகப்பனும் ஒரே நாளைக் குறித்தால் வீட்டில் தூளுக்கும் நெருப்புக்கும் வேலை இல்லாமல் போகும். அது முடியாவிட்டால் ஒன்றாவது செய்யுங்கள்: மகன் விட்டிருக்கும் மாதம் திண்ணையில், வீட்டுக்குள் பிடிக்காதீர்கள். காட்டோடு இருக்கட்டும்.

ஒரு தடவை தவறினால்?

யார் உதவியும் இல்லாமல், மனவுறுதியை மட்டும் நம்பி விடுபவர்களில் ஒரு வருஷம் தாங்குபவர் 100க்கு 3 முதல் 5 பேர்தான். ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் இது கூடுகிறது. கடைசியாக விட்டவர்களிலும் பெரும்பாலோர் முன்பு பல தடவை முயன்று தவறியவர்களே. சைக்கிள் பழகும்போது விழாதவர் யார்?

ஒரு சிகரெட் பிடித்துவிட்டாய் என்றால் ஒரு சிகரெட் பிடித்துவிட்டாய், அவ்வளவே. பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிட்டாய் என்று அர்த்தம் இல்லை. "போச்சு, இனிமே எதுக்கு?" என்ற நினைப்புதான் அடுத்த ஒன்பதைக் கொண்டுவருகிறது. எங்கே, யாரோடு, எந்த நேரத்தில் தவறினது என்று எழுதி வை. அடுத்த தடவை அந்த இடத்துக்குப் போகுமுன் யோசனை வரும்.

நமது மூத்தவன் சங்கதி என்ன ஆயிற்று? ஊர்க் கொடை கழிந்ததும் இரண்டாம் தடவை நாள் குறித்தான். இந்தத் தடவை அம்மாவிடம் சொல்லிவிட்டுக் குறித்தான். அவள் ஒன்றும் பேசவில்லை. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில், சுண்ணாம்புச் சுவரிலேயே, கரித்துண்டால் நாளுக்கு ஒரு கோடு போடத் தொடங்கினாள். தகப்பனார் பார்த்தார். என்ன கோடு என்று கேட்கவில்லை. நாலைந்து நாளில் பீடிக்கட்டை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போய்ப் பிடிக்க ஆரம்பித்தார்.

பதினேழு கோடு ஆனபோது, சேக்காளி ஒருத்தன் வெளிநாட்டுக்குப் போகிறான் என்று விருந்து. இராத்திரி பத்து மணிக்கு மூத்தவன் வந்து அடுப்படி நிலையில் நின்றான். வாயில் மிட்டாய் இல்லை.

"யம்மா, இன்னைக்கு ஒண்ணு பிடிச்சிட்டேன்."

தாய் தட்டில் சோற்றைப் போட்டாள். "சரிய்யா. சாப்பிடு. நாளைக்குக் காலைலேர்ந்து கீழ்வரிசையில போடுதேன்" என்றாள்.

மேல்வரிசையை அவள் அழிக்கவில்லை.